பள்ளியில் பாதுகாப்பு வகுப்பா? வீரத்துக்குக் கைதட்டாதீர்கள்

சேலத்துப் பள்ளிகளில் பாதுகாப்பு வகுப்பு எடுக்கப் புதிதாக வருகிறவர்கள், ஆரம்பத்தில் நாங்கள் எல்லாரும் சறுக்கிய அதே இடங்களில் சறுக்குகிறார்கள். ஹெல்மெட், சிக்னல் பற்றி யாரும் சொல்லிவிடுவார்கள், அதை விடுகிறேன்.

குதிப்பேன் என்றவனைப் பாராட்டுவது

"கிணத்துல உன் ஃப்ரெண்டு விழுந்துட்டான், என்ன பண்ணுவ?"

"குதிச்சுத் தூக்கிருவேன் சார்!"

வகுப்பே கைதட்டும். ஓமலூர் பக்கம் ஒரு பள்ளியில் பயிற்சியாளரும் சேர்ந்து தட்டினார், பேனா பரிசு வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏரி, கிணறு, மேட்டூருக்குக் கீழே காவிரி என்று பிள்ளைகள் இறங்கத் தண்ணீருக்குக் குறைவில்லாத மாவட்டம் இது. ஒருவன் மூழ்க, காப்பாற்றப் போனவனும் சேர்ந்து சாகும் செய்தி கோடை விடுமுறை வந்தால் கண்ணில் படுகிறது. மூழ்குகிறவன் கைக்குக் கிடைத்ததைப் பிடித்து அதன்மேல் ஏறத்தான் பார்ப்பான். நீச்சல் தெரிந்தவனையும் அமுக்கிவிடுவான். பெரும்பாலும் கத்தவும் மாட்டான், மூச்சு வாங்கவே வாய் போதாது.

'குதிக்காதே' என்று எழுத வைத்தால் நோட்டுதான் நிறையும். வேறென்ன செய்வது என்று கைக்குப் பழக வேண்டும். 5 லிட்டர் எண்ணெய் கேனில் கொஞ்சம் தண்ணீர் விட்டு (காலி கேன் காற்றில் எங்கோ போகும்) மூடி, கைப்பிடியில் கயிறு கட்டி, மைதானத்தில் சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால் நின்று வீசட்டும். முதலில் ஆள் கூப்பிட்டுக் கத்த வேண்டும், பிறகுதான் வீச்சு. இழுக்கும்போது குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும். நின்றால் நம்மையும் உள்ளே இழுத்துவிடும். கயிறு இல்லையா, துப்பட்டா, வேட்டி, தென்னை மட்டை. சின்ன வகுப்புகளுக்கு இதுவும் வேண்டாம்: கத்து, ஓடு, பெரியவங்களைக் கூட்டிட்டு வா.

குதிப்பேன் என்றவனைத் திட்டாதீர்கள். முதல் வீச்சு அவனுக்கே கொடுங்கள். கேன் சரியாக விழட்டும், அப்போது தட்டுங்கள்.

தீ ஒத்திகையை மைதானத்திலேயே முடிப்பது

கும்பகோணம் பள்ளித் தீயில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் செத்தது வகுப்பறைக்குள். ஒத்திகையை மாடி வகுப்பிலிருந்து தொடங்குங்கள்.

பாம்புக்கடிக்குக் கயிறு கட்டச் சொல்வது

கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே, நடக்க விடாதே. நேராக அரசு ஆஸ்பத்திரி.

108-ஐ மனப்பாடத்தோடு விடுவது

நம்பரை எல்லாப் பிள்ளையும் ஒப்பிக்கும். போனை எடுக்கிறவர் "எங்கம்மா இருக்க?" என்று இடம் கேட்டால் முழிக்கும். ஏற்காட்டுப் பிள்ளைகளுக்கு, மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எத்தனையாவதுக்குப் பக்கம் என்று சொல்லப் பழக்குங்கள். கீழே இருக்கிற ஊர்களுக்கு ரேஷன் கடையோ மாரியம்மன் கோயிலோ போதும். ஊர்ப் பேரை முதலில் சொல்லணும்.