தைராய்டு ஹார்மோன் மூளை செல்லுக்குள் போகும் வழியை ஒரு தாளில் வரைவது எப்படி

இதை மனப்பாடம் செய்தால் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடும், வரைந்தால் நிற்கும். ஒரு தாள், பென்சில், ரப்பர் எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் கட்டாயம் வேண்டும்.

முதலில் தாளின் இடது ஓரத்தில் ஒரு ரத்தக் குழாய். அதற்குள் டி4, அதாவது நான்கு அயோடின் உள்ள தைராய்டு ஹார்மோன் (மூன்று உள்ளது டி3). ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு வளையம் போட்டு, வளையத்துக்கு இரண்டாக நான்கு புள்ளி வையுங்கள், புள்ளிகள்தான் அயோடின். ஒரு வளையத்துக்கு 'உள்', மற்றதற்கு 'வெளி' என்று பெயர் எழுதுங்கள். ரத்தத்தில் இருக்கும் ஹார்மோனில் 99 விழுக்காட்டுக்கு மேல் புரதத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிறது, கையை விட்ட மிச்சம் மீதிதான் செல்லுக்குள் போக முடியும்.

எப்படிப் போகிறது? கொழுப்பில் கரையும் பொருள்தானே, சவ்வு வழியே தானாக ஊறிப் போய்விடும் என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். அப்படி இல்லை, கதவு வேண்டும். குழாயின் சுவரில் ஒரு கதவு வரைந்து எம்சிடி8 என்று எழுதுங்கள். இது டி4, டி3 இரண்டையும் விடும். ஓஏடிபி1சி1 என்று இன்னொரு கதவு உண்டு, அதற்கு டி4தான் பிடிக்கும். எலியின் குழாய்ச் சுவரில் அது தாராளமாக இருக்கிறது, மனிதனில் குறைவு. எம்சிடி8 இல்லாத எலியின் மூளை பெரிதாகப் பாதிக்கப்படாமல் தப்பிப்பதற்கு அதுதான் காரணம்.

கதவைத் தாண்டியதும் நட்சத்திர வடிவில் ஆஸ்ட்ரோசைட், அதாவது நரம்பு செல்களுக்கு (நியூரான்களுக்கு) துணையாக இருக்கும் மூளை செல். டி4 அதற்குள் போனதும் ரப்பரை எடுத்து வெளி வளையத்தில் ஒரு புள்ளியை அழியுங்கள். மூன்று புள்ளி, அதாவது வேலை செய்யும் டி3. அழித்த நொதி டியோ2. (தமிழில் எழுதினால் ஹார்மோனும் டி3, நொதியும் டி3 என்று குழம்பும், அதனால் நொதிக்கு நான் டியோ என்றே போடுவேன்.) அப்புறம் டி3 வெளியே வந்து, பக்கத்து நியூரானின் எம்சிடி8 வழியே நுழைந்து, உட்கருவில் ஏற்பியோடு சேர்ந்து மரபணுக்களை முடுக்கும். நியூரானில் டியோ3 காத்திருக்கும். அது உள் வளையத்துப் புள்ளி ஒன்றை அழித்து ஹார்மோனைச் செயலிழக்க வைக்கும்.

சரி, இப்போது எம்சிடி8 கதவுகளை விரலால் மூடிப் பாருங்கள். இதுதான் ஆலன்-ஹெர்ன்டன்-டட்லி நோய். 1944-இல் விவரிக்கப்பட்டது, ஆனால் காரணம் இந்தக் கதவின் மரபணு என்று தெரிய 2004 வரை ஆனது. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கே வருகிறது. தலை நிற்காது, உட்கார வராது, பேச்சும் பெரும்பாலும் வராது. மூளை ஹார்மோன் இல்லாமல் காய்கிறது, உடம்பிலோ டி3 மிதமிஞ்சி இதயம் படபடக்கிறது, எடை ஏற மறுக்கிறது. டி4 மாத்திரை மட்டும் கொடுத்தால் உடம்பில் டி3 இன்னும் ஏறும். இந்தக் கதவு இல்லாமலே செல்லுக்குள் போகக்கூடிய, டி3 போன்ற மருந்தான டிராட்ரிகாலுக்கு 2025-இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி தந்தது, உடம்பின் டி3 மிகுதியைத் தணிப்பதற்காக.

தாளின் மூலையில் இதையும் எழுதி வையுங்கள்: இந்த நோயில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) இயல்பாகவோ சற்றே கூடியோ இருக்கும், டி4 குறைந்திருக்கும், டி3 ஏறியிருக்கும். பிறந்ததும் குதிகாலில் ரத்தம் எடுத்து டிஎஸ்எச் மட்டும் பார்த்தால் இது பெரும்பாலும் தப்பிவிடும். துவண்டுபோன குழந்தையின் ரிப்போர்ட்டில் டி3 என்ற வரியே இல்லையென்றால், அதையும் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.