சாலையோர வரலாற்றுக் கல்லைப் படித்துச் சரிபார்ப்பது எப்படி? நாக்ஸ் பாதையில் ஒரு பயிற்சி

அமெரிக்கச் சாலைகளில் கம்பத்தின் மேல் நிற்கும் வார்ப்புப் பலகைகளையும், வெண்கலத் தகடு பதித்த கற்களையும் பார்த்திருப்பீர்கள். படிக்க இரண்டு நிமிடம். எழுதியிருப்பது சரிதானா என்று பார்க்க ஒரு மாலைப்பொழுது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஹென்றி நாக்ஸ் பாதை நல்ல களம். அமெரிக்க விடுதலைப் போரில் நாக்ஸ் என்ற படை அதிகாரி பீரங்கிகளைக் கொண்டுபோன வழி அது. 1926-27இல் நியூயார்க் மாநிலத்தில் 30, மாசசூசெட்ஸில் 26 என 56 கற்களை நட்டார்கள். வாசகம் ஏறக்குறைய ஒன்றேதான். ஒரு கல்லைச் சரிபார்த்துவிட்டால் மற்றவற்றில் பார்க்க வேண்டியது இடத்தை மட்டும்தான்.

படி 1: படம்

காரைச் சாலையோர மண்ணில் அரைகுறையாக நிறுத்தாதீர்கள். அடுத்த வாகன நிறுத்தம் வரை போய்த் திரும்பி நடந்து வாருங்கள். உச்சிவெயிலில் எழுத்துகளுக்கு நிழல் விழாது, தகடு மொத்தையாகத் தெரியும். காலை அல்லது மாலைச் சாய்வெயில்தான் நல்லது. மேகமூட்டமாக இருந்தால் டார்ச்சைத் தகட்டின் பக்கவாட்டில், ஏறக்குறைய அதைத் தொடும் அளவுக்குச் சாய்த்துப் பிடியுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், வெண்கலம் பளிச்சென்று எதிரொளித்து நடுவரிகளை விழுங்கிவிடும். எழுத்து தெரியட்டும் என்று மாவோ சாக்பீஸோ தேய்ப்பவர்கள் உண்டு. செய்யவே செய்யாதீர்கள்.

மூன்று படங்கள் போதும்: வாசகம், முழுக் கல், சாலையோடு சேர்ந்த சுற்றுப்புறம். மூன்றாவதைத்தான் பலரும் மறக்கிறார்கள். சாலையை அகலப்படுத்தும்போது கல்லைத் தள்ளி நட்டால் அந்தப் படம்தான் சாட்சி.

படி 2: வாசகத்தைப் பிரித்தல்

உள்ளது உள்ளபடி தட்டச்சு செய்துவிட்டு, கூற்று கூற்றாக உடையுங்கள். நாக்ஸ் கல் சொல்வது இது: 1775-76 குளிர்காலத்தில் ஜெனரல் ஹென்றி நாக்ஸ் இந்த இடத்தின் வழியாகப் போனார், டைகாண்டரோகா கோட்டையின் (நியூயார்க்) பீரங்கிகளைக் கேம்பிரிட்ஜில் (பாஸ்டனை அடுத்த ஊர்) இருந்த படைத் தலைவர் வாஷிங்டனிடம் சேர்த்தார், பாஸ்டனிலிருந்து பிரிட்டிஷ் படையை வெளியேற்ற அவை உதவின. ஆக, ஆள், பதவி, காலம், இடம், விளைவு என்று ஐந்து.

ஆங்கில வாசகத்தில் பீரங்கிகளுக்கு ‘டிரெயின்’ என்று இருக்கும். ரயிலைத் தேடாதீர்கள், அப்போது ரயிலே கிடையாது. பீரங்கி அணிவரிசைக்கு அந்தக் காலத்துப் பெயர் அது.

அடியில் உள்ள ஆண்டு கல் நட்ட ஆண்டு. நியூயார்க்கின் நீல-மஞ்சள் பலகைகளிலும் கீழே ‘மாநிலக் கல்வித் துறை 1932’ என்பதுபோல் இருக்கும். அதை நிகழ்வின் ஆண்டாக எடுத்துக்கொள்வதுதான் தொடக்கக்காரர்கள் அதிகம் செய்யும் பிழை.

படி 3: அக்காலத் தாள்களோடு ஒப்பிடுதல்

நாக்ஸின் நாட்குறிப்பு மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்திடம் இருக்கிறது, இணையத்திலேயே பார்க்கலாம். வாஷிங்டனுக்கு அவர் எழுதிய கடிதங்கள் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்’ தளத்தில் கட்டணமில்லாமல் கிடைக்கும்.

காலம் சரி. 1775 டிசம்பர் தொடக்கத்தில் டைகாண்டரோகா சேர்ந்தவர் ஜனவரிக் கடைசியில் கேம்பிரிட்ஜ் பக்கம் வந்துவிட்டார். விளைவும் சரி. 1776 மார்ச் 4 இரவு பாஸ்டனைப் பார்த்த டார்செஸ்டர் குன்றில் பீரங்கிகளை ஏற்றினார்கள், 17ஆம் தேதி பிரிட்டிஷார் பாஸ்டனைக் காலி செய்தார்கள்.

பதவியில்தான் இடறும். அந்தக் குளிர்காலத்தில் நாக்ஸ் கர்னல். ஜெனரலானது 1776 டிசம்பரில். பின்னால் கிடைத்த பட்டத்தை முன்னால் ஒட்டும் பழக்கம் இப்படிப்பட்ட பலகைகளில் சகஜம். பெரிய குற்றமில்லை, ஆனால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு தாளோடு நிறுத்திவிடாதீர்கள். டிசம்பர் 17 தேதியிட்ட கடிதத்தில் 42 சறுக்கு வண்டிகளும் 80 ஜோடி எருதுகளும் ஏற்பாடு செய்துவிட்டதாக நாக்ஸ் எழுதுகிறார். எருதுகள் இழுக்கும் படங்கள் எல்லாம் இதைப் பிடித்துக்கொண்டு வந்தவைதான். நாட்குறிப்பைத் தொடர்ந்து படித்தால் எருதுகளுக்கான வாடகைப் பேரம் முறிந்ததும், நியூயார்க் பகுதியில் குதிரைகளை அமர்த்தியதும் தெரியவரும். கடிதம் சொன்னது திட்டம்; நடந்தது நாட்குறிப்பில்.

படி 4: இடம்

இதுதான் சிக்கலான கூற்று. நாட்குறிப்பில் வரும் ஊர்ப்பெயர்களை வரைபடத்தில் குறித்து, கல்லின் ஜிபிஎஸ் புள்ளியோடு பாருங்கள். நியூயார்க் மாநிலத் தலைநகர் ஆல்பனிக்கும் மாசசூசெட்ஸ் எல்லைக்கும் நடுவே பாதை பற்றிப் புதிய தகவல் கிடைத்தபின் சில கற்களையே இடம் மாற்றினார்கள். அதனால் பழைய வழிகாட்டி நூலில் உள்ள இடமும் இன்றைய இடமும் பொருந்தாவிட்டால் உடனே உங்கள் ஜிபிஎஸ் மேல் சந்தேகப்படாதீர்கள்.

பிழை கண்டால்

கல்லைத் தொடாதீர்கள். நியூயார்க்கில் 1919 முதலே ஒவ்வொரு ஊருக்கும் நகரத்துக்கும் அரசு நியமன வரலாற்றாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஊர் அலுவலகத்தில் அவர் முகவரியைக் கேட்டு, மூன்று படங்கள், ஜிபிஎஸ் புள்ளி, எந்தத் தாளில் எந்தத் தேதிப் பதிவு முரண்படுகிறது என்பது ஆகியவற்றை ஒரே பக்கத்தில் அனுப்புங்கள். தேதி குறிப்பிடாமல் ‘எங்கோ படித்தேன்’ என்று எழுதினால் பதில் வராது.