எம்பெடெட் போர்டில் என்ட்ரோபி சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போர்டுக்குப் பவர் கொடுத்து, முதலில் வரும் 8 ரேண்டம் எண்களை சீரியல் போர்ட்டில் அச்சிட்டுப் பாருங்கள். பவரை நிறுத்தி மறுபடி போடுங்கள். அதே 8 எண்கள் அதே வரிசையில் வந்தால், அந்தப் போர்டில் உருவாகும் எந்த மறையாக்கச் சாவியும் ரகசியமில்லை. என்ட்ரோபி, அதாவது யாராலும் ஊகிக்க முடியாத தன்மை, அதில் இல்லை என்று பொருள்.

பெரும்பாலும் நேரத்தை விதையாக, அதாவது ரேண்டம் எண்களைக் கணக்கிடத் தொடங்கும் மதிப்பாகக் கொடுத்திருப்பார்கள். பேட்டரி இல்லாத போர்டில் லினக்ஸ் கடிகாரம் பல சமயம் 1970 ஜனவரி 1-இலிருந்துதான் தொடங்கும். சரி, மேக் முகவரியையும் (நெட்வொர்க் கருவியின் தனி அடையாள எண்) சேர்த்தால்? எண் போர்டுக்குப் போர்டு மாறும்தான். ஆனால் அந்த முகவரி பெட்டியின் லேபிளிலேயே ஒட்டியிருக்கிறதே!

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2012-இல் ஆய்வாளர்கள் இணையம் முழுக்க ஆர்எஸ்ஏ சாவிகளை (இரண்டு பெரிய ரகசியப் பகா எண்களைப் பெருக்கி உருவாக்கும் மறையாக்கச் சாவிகள்) திரட்டியபோது, ரவுட்டர், ஃபயர்வால் போன்ற கருவிகள் பலவற்றின் சாவிகளில் ஒரே பகா எண் பொதுவாக இருந்தது. அப்படிப்பட்ட இரண்டு சாவிகளுக்கு மீப்பெரு பொதுக் காரணி கண்டால் போதும், இரண்டுமே உடைந்துவிடும். கருவி முதன்முறை பூட் ஆகும்போது, என்ட்ரோபி சேருமுன்பே சாவி உருவாக்கியதுதான் முக்கியக் காரணம்.

அடுத்தது, எதிலும் இணைக்காமல் விட்ட ஏடிசி பின் (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் உள்ளீடு). 10 பிட் ரீடிங் என்பதால் 10 பிட் என்ட்ரோபி என்று கணக்குப் போடுகிறார்கள். அச்சிட்டால் 512, 513, 513, 512 என்று வரும். ஆடுவது கடைசி பிட் மட்டுமே. அதுவும் பக்கத்து மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலோடு சேர்ந்து ஆடலாம். ஒரு ரீடிங்குக்கு அரை பிட் என்று வைத்தாலே 256 பிட்டுக்கு 512 ரீடிங் வேண்டும். நானாக இருந்தால் அதற்கும் மேலே எடுப்பேன்.

எந்தத் தரவையும் 256 பிட்டாகக் கலக்கித் தரும் எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் போட்டால் சரியாகிவிடும் என்பதும் தவறு. உள்ளே போனது 16 பிட் என்றால், வெளியே வரக்கூடியவை 65,536 விடைகள்தான். வெறும் கவுன்ட்டரை ஹாஷ் செய்தாலும் புள்ளியியல் சோதனைகளில் தேறிவிடும்; அதனால் ஹாஷுக்கு முந்தைய மூலத் தரவைச் சோதியுங்கள்.

சிப்பிலேயே ரேண்டம் எண் வன்பொருள் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், ஆனால் ஆவணத்தைப் படித்துவிட்டு. ஈஎஸ்பி32 சிப்பில் வைஃபை, புளூடூத் இரண்டும் அணைந்திருந்து, வேறு இரைச்சல் மூலத்தையும் இயக்காவிட்டால், வரும் எண்களைப் போலி ரேண்டமாகவே கருத வேண்டும். ஃபங்க்ஷன் திருப்பித் தரும் பிழைக் குறியீட்டையும் பாருங்கள். பார்க்காவிட்டால் வெறும் பூஜ்ஜியங்களே சாவியாகிவிடக்கூடும்.

அப்புறம், அடுத்த முறை பூட் ஆகும்போது பயன்படுத்த விதையைச் சேமித்து வைக்கும் விதைக் கோப்பு. ஒரே ஃபிளாஷ் இமேஜை எல்லாப் போர்டிலும் ஏற்றினால், எல்லாவற்றிலும் ஒரே விதை. இமேஜிலிருந்து அதை நீக்கிவிட்டு, ஒவ்வொரு போர்டுக்கும் தனி விதை எழுதுங்கள். ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் விதையைப் படித்தவுடன், முதல் ரேண்டம் எண்ணைக் கொடுக்கும் முன்பே, புதிய விதையை அதன்மேல் எழுதிவிடுங்கள்.