இரவு ஏர்சாஃப்ட்: ஹெல்மெட்டுக்கும் துப்பாக்கிக்கும் எந்த விளக்கு?

ஜப்பானின் சிபா பக்கம் காட்டு மைதானங்களில் இரவு ஏர்சாஃப்ட் (சின்ன பிளாஸ்டிக் குண்டு சுடும் பொம்மைத் துப்பாக்கிப் போர் விளையாட்டு) ஆட வரும் புதியவர்களிடம் நான் சொல்வது: துப்பாக்கி விளக்கில் லூமனை, அதாவது மொத்த ஒளியின் அளவை, மட்டும் பார்க்காதீர்கள், கேண்டெலாவையும் பாருங்கள். ஒளி எவ்வளவு குவிந்து பாயும் என்பதை அதுதான் காட்டும்.

ஹெல்மெட்டுக்கு நேர்மாறு. மங்கலான சிவப்பு விளக்கே போதும். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். பளிச்சென்ற வெள்ளை ஒளி அதை நொடியில் கெடுத்துவிடும்.

துப்பாக்கி விளக்கின் சுவிட்சைக் கடையிலேயே கையுறை போட்டு அழுத்திப் பாருங்கள். அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டும் எரிந்து, விரலை எடுத்ததும் அணைய வேண்டும். அப்புறம், உங்கள் துப்பாக்கியின் ரெயில் (விளக்கு போன்றவற்றை மாட்டும் பட்டை) பிக்காட்டினி வகையா, எம்-லாக் வகையா என்று பார்த்து அதற்கேற்ற மவுன்ட் (விளக்கைப் பொருத்தும் பிடி) வாங்குங்கள். ஹெல்மெட்டின் முன்பக்கம் கனத்தால் கழுத்து வலிக்கும். பேட்டரிப் பெட்டியைப் பின்னால் மாட்டுங்கள்.