நெமிசிஸ் ஆட்டத்தில் குறிக்கோள் அட்டை: நாம் எங்கே தவறுகிறோம்?

மூன்று மணி நேரம் ஆடி, விண்கலத்திலிருந்து எப்படியோ உயிர் தப்பி, கடைசியில் நம் குறிக்கோள் அட்டையைப் பெருமையாகத் திருப்பி வைக்கிறோம். எதிரில் இருப்பவர் அதை எடுத்துப் படித்துவிட்டு, "நடுவுல 'அண்ட்' போட்டிருக்கே, நீ பாதிதான முடிச்சிருக்க?" என்கிறார். நெமிசிஸ் ஆடும் மேசைகளில் இது அடிக்கடி நடக்கும். எனக்கும் நடந்திருக்கிறது. ஆட்டம் அவ்வளவு அழகாக அமைந்திருக்கும்போது ஒரு வார்த்தையைச் சரியாகப் படிக்காததால் தோற்பது நிஜமாகவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். அதனால்தான் குறிக்கோள் அட்டைகளைப் பற்றி மட்டும் தனியாக எழுத உட்கார்ந்தேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. நெமிசிஸ் 2018-இல் வந்த போர்டு கேம். போலந்தைச் சேர்ந்த ஆடம் க்வாபின்ஸ்கி வடிவமைத்தது, அவேக்கன் ரெல்ம்ஸ் வெளியிட்டது. உறக்கத்திலிருந்து விழிக்கும் விண்கலக் குழுவினராக நாம் ஆடுகிறோம். கலத்துக்குள் ஏதோ ஒரு ஜந்து புகுந்திருக்கிறது. ஒன்று முதல் ஐந்து பேர் வரை ஆடலாம். பாதிக் கூட்டு ஆட்டம் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்: தப்பிக்க எல்லோருக்கும் எல்லோரும் தேவை, ஆனால் வெற்றி அவரவருக்குத் தனித்தனி. அந்தத் தனி வெற்றி என்ன என்பதைச் சொல்வதுதான் குறிக்கோள் அட்டை.

தொடக்கத்தில் ஆளுக்கு இரண்டு அட்டைகள் கிடைக்கும், நிறுவனத்தின் குறிக்கோள் ஒன்று, சொந்தக் குறிக்கோள் ஒன்று. முதல் ஜந்து பலகையில் தோன்றும் வரை இரண்டும் கையில் இருக்கும். அது தோன்றியதும் எல்லோரும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்றதை யாருக்கும் காட்டாமல் கவிழ்த்து ஆட்டத்திலிருந்து விலக்கிவிட வேண்டும்.

முதல் தவறு இங்கேயே ஆரம்பிக்கிறது. அட்டை கைக்கு வந்ததுமே பலர் மனசுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். "இன்னொருத்தரைச் சாகவிடணுமா, நமக்கு வேண்டாம்பா" என்று அந்த அட்டையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முதல் சில ரவுண்டுகள் நமக்குக் கிடைக்கும் பெரிய சலுகை. பெரும்பாலான அறைகள் எங்கே இருக்கின்றன என்றே அப்போது யாருக்கும் தெரியாது. ஜந்துக்கள் முட்டையிட்டிருக்கும் கூடு நம் பக்கத்து அறையாகவே இருக்கலாம், தகவல் தொடர்பு அறை கலத்தின் மறுகோடியில் இருக்கலாம். அது தெரிந்த பிறகு எந்த அட்டை சுலபம் என்பதே மாறிவிடும். ஆகவே அதுவரை இரண்டு அட்டைக்கும் உதவும் வேலையாகப் பார்த்துச் செய்வது நல்லது: அறைகளைத் திறந்து பார்ப்பது, எஞ்சின் நிலையைத் தெரிந்துகொள்வது, வழியில் தகவல் தொடர்பு அறை வந்தால் சிக்னல் அனுப்பி வைப்பது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. முதல் ஜந்து வந்த பரபரப்பில் அட்டையைத் தேர்ந்தெடுக்கவே மறந்து, ஏழெட்டு ரவுண்டு கழிந்த பிறகும் இரண்டையும் வைத்துக்கொண்டு ஆடுவார்கள். அப்புறம் அதைச் சரிசெய்ய வழியே இல்லை, ஏனென்றால் அவர் மற்றவர்களைவிட அதிக விவரத்தோடு தேர்ந்தெடுக்கிறார். ஜந்து பலகைக்கு வந்ததும் ஆட்டத்தை ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். எல்லோரும் அட்டையை விலக்கிய பிறகு தொடருங்கள்.

அட்டையில் வரும் "பிளேயர் 1", "பிளேயர் 2" யார் என்பதில்தான் மிக அதிகக் குழப்பம். சில அட்டைகள் குறிப்பிட்ட ஒரு எண்ணுக்குரியவர் பிழைக்கக் கூடாது என்று கேட்கும். ஆட்டம் தொடங்கும்போது நமக்கு எண் போட்ட உதவி அட்டை கிடைக்கும் அல்லவா, அந்த எண்தான் கடைசி வரை நம் எண். முதலில் ஆடுபவருக்கான டோக்கன் ஒவ்வொரு ரவுண்டும் கை மாறும், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அந்த டோக்கனை வைத்திருப்பவரைப் பிளேயர் 1 என்று நினைத்து, சம்பந்தமே இல்லாத ஒருவரை ஆட்டம் முழுவதும் ஒருவர் துரத்தியதைப் பார்த்திருக்கிறேன். பாவம், துரத்தப்பட்டவருக்கும் காரணம் புரியவில்லை. உதவி அட்டையை எண் தெரியும்படி எல்லோரும் முன்னால் வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலே வராது.

இதோடு சேர்ந்த இன்னொன்று, ஆள் எண்ணிக்கைக்குப் பொருந்தாத அட்டைகளைக் கட்டிலிருந்து எடுக்காமல் விடுவது. அட்டையிலேயே எத்தனை பேர் ஆடினால் அதைப் பயன்படுத்தலாம் என்ற குறி இருக்கும். மூன்று பேர் ஆடும்போது நான்காமவரைப் பற்றிய அட்டை யாருக்காவது போனால் அவர் பாடு திண்டாட்டம்தான். பங்கிடும் முன் இரண்டு நிமிஷம் ஒதுக்கிப் பிரித்துவிடுங்கள்.

சரி, இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். குறிக்கோள் அட்டையைப் பெரும்பாலோர் ஒரு வேலைப் பட்டியல் மாதிரி படிக்கிறார்கள். செய்தாயிற்று, டிக் அடித்தாயிற்று, கிளம்பலாம் என்று நினைக்கிறார்கள். ஆனால் அட்டை சரிபார்க்கப்படுவது ஆட்டம் முடிந்த பிறகு. அந்த நேரத்தில் கலம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது, கூடு இருக்கிறதா, யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பதைத்தான் அது கேட்கிறது. நடுவில் எப்படி இருந்தது என்பது கணக்கில் வராது.

ஒருமுறை என் அட்டை கலம் பூமிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கேட்டது. விமானி அறைக்குப் போய், ரகசியமாக இருக்கும் திசை அட்டையைப் பார்த்து, பூமிக்கான எழுத்தில் குறியை வைத்தேன். எஞ்சின்களையும் பார்த்தாயிற்று. நிம்மதியாக உயிர்காப்புக் கலத்தில் ஏறி முதல் ஆளாகக் கிளம்பிவிட்டேன். மீதி மூன்று பேர் உள்ளே இருந்தார்கள். அவர்களில் ஒருவர் நிதானமாக விமானி அறைக்குப் போய்த் திசையை மாற்றிவிட்டார். நான் உயிரோடு இருந்தேன், ஆனால் தோற்றுவிட்டேன். அவர் மேல் தவறே இல்லை, அவருடைய அட்டைக்கு அது தேவைப்பட்டது. கலத்தின் முடிவைச் சார்ந்த அட்டை கையில் இருந்தால் முதலில் வெளியேறுவது பெரும்பாலும் ஆபத்து. சிக்னல் அனுப்புவது போல யாராலும் திரும்பப் பெற முடியாத குறிக்கோள் என்றால் முடித்த கையோடு கிளம்பலாம். உங்கள் அட்டை இந்த இரண்டில் எந்த வகை என்பதைத் தேர்ந்தெடுக்கும்போதே பாருங்கள்.

கலத்தில் மூன்று எஞ்சின்கள், அவற்றில் இரண்டு பழுதாக இருந்தால் கடைசியில் கலம் வெடித்துவிடும். எஞ்சின் அறையில் பார்ப்பவர் தான் பார்த்ததை மற்றவர்களிடம் பொய்யாகவும் சொல்லலாம். "ரெண்டாவது எஞ்சின் நல்லா இருக்கு, நான் பார்த்துட்டேன்" என்று ஒருவர் சொன்னால் அவருடைய அட்டை என்னவாக இருக்கும் என்றும் யோசிக்க வேண்டும். உங்கள் வெற்றி எஞ்சினைச் சார்ந்து இருந்தால் ஒன்றையாவது உங்கள் கண்ணால் பாருங்கள்.

சிக்னல் பற்றி ஒரு வார்த்தை. தகவல் தொடர்பு அறையில் சிக்னல் அனுப்பியவர் தன் பலகையில் அதற்கான குறியை வைத்துக்கொள்வார். உங்கள் அட்டை சிக்னல் கேட்டால் அதை நீங்களேதான் அனுப்ப வேண்டும். நண்பர் அனுப்பியது உங்கள் கணக்கில் வராது. குழுவாக ஆடும் உணர்வில் "அதான் ஒருத்தர் அனுப்பிட்டாரே" என்று விட்டுவிடுகிறார்கள். இதற்கு மாறாக ஜந்துக்களின் பலவீனங்களைக் கண்டுபிடிப்பது, கூட்டை அழிப்பது போன்றவை பலகையில் நடக்கும் பொது விஷயங்கள். ஆய்வகத்துக்கு முட்டையையோ ஜந்துவின் உடலையோ யார் தூக்கிக்கொண்டு போனாலும் பலவீனம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட அட்டை வைத்திருப்பவர் உதவி கேட்கக் கூச்சப்படக் கூடாது. பலவீனம் தெரிந்தால் எல்லோருக்கும் நல்லதுதானே, யார் மறுப்பார்கள்?

கூட்டை அழிப்பது என்றால் முட்டை ஒன்றுகூட மிஞ்சாமல் போக வேண்டும். ஆரம்பத்தில் ஐந்து முட்டைகள் இருக்கும். ஒன்றிரண்டைச் சுட்டுவிட்டு முடிந்தது என்று போய்விடாதீர்கள்.

முதலில் சொன்ன 'அண்ட்', 'ஆர்' விஷயம். பல அட்டைகளில் இரண்டு நிபந்தனைகள் இருக்கும். 'அண்ட்' என்றால் இரண்டும் வேண்டும், 'ஆர்' என்றால் ஏதாவது ஒன்று போதும். பார்க்க அற்பமாகத் தெரியும், ஆனால் 'ஆர்' இருக்கும் அட்டையை எடுத்தவருக்குக் குறிக்கோளை முடிக்க இரண்டு வழி இருக்கிறது. நடுவில் ஒரு வழி அடைபட்டால் மனம் தளராமல் அட்டையை இன்னொரு முறை படிக்க வேண்டும். பயத்தில் அதை மறந்துவிடுகிறோம்.

அட்டையில் கேட்டதை முடித்தால் மட்டும் வெற்றி இல்லை என்பதும் பலருக்குக் கடைசியில்தான் உறைக்கும். உயிர் பிழைக்கவும் வேண்டும். உயிர்காப்புக் கலத்தில் ஏற வேண்டும், இல்லையென்றால் உறக்க அறையில் படுக்க வேண்டும். உறக்க அறை ஆரம்பத்தில் பூட்டியிருக்கும். 15 கட்டங்கள் உள்ள நேரக் கணக்கில் குறி நீலக் கட்டங்களுக்கு வந்த பிறகே திறக்கும். உயிர்காப்புக் கலங்களும் பூட்டியே இருக்கும், ஒவ்வொன்றிலும் இருவருக்குத்தான் இடம். இதற்கெல்லாம் மேலே தொற்றுச் சோதனை இருக்கிறது. ஆட்டம் முழுக்கச் சேர்ந்த தொற்று அட்டைகளைக் கடைசியில் ஸ்கேன் செய்வோம். ஒன்றில் தொற்று இருந்தாலும் போதும், தொற்று அட்டைகளையும் நாம் ஆடப் பயன்படுத்தும் மற்ற அட்டைகளையும் சேர்த்துக் கலைத்து நான்கு எடுக்க வேண்டும். அந்த நான்கில் ஒரு தொற்று அட்டை வந்தாலே மரணம். குறிக்கோளை முடித்த பிறகு மிஞ்சும் நேரத்தைத் தொற்று அட்டைகளைக் குறைப்பதற்குச் செலவிடுங்கள்.

யாருடைய அட்டையையும் காட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, காட்டவும் கூடாது. வாயால் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். "உன் கார்டைக் காட்டு, நம்புறேன்" என்று ஒருவர் கேட்டு இன்னொருவர் காட்டிவிட்டால் அந்த ஆட்டத்தின் உயிரே போய்விடுகிறது. புதிதாக ஆடுபவர்களிடம் இதை முன்கூட்டியே அன்பாகச் சொல்லிவிடுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறு, எல்லோரையும் துரோகியாகவே பார்ப்பது. பல அட்டைகள் யாரையும் கொல்லச் சொல்வதில்லை. ஒரு கதாபாத்திரம் இன்னொன்றை நேரடியாகச் சுடவும் வழி இல்லை. ஒருவர் கதவை மூடினால் அவர் ஜந்துவிடமிருந்து தப்பிக்க மூடியிருக்கலாம். முதல் பத்து நிமிஷத்திலேயே ஆளுக்கொரு மூலைக்குப் போய்விட்ட குழுக்கள் ஜந்துக்களிடம் மாட்டி அழிவதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

சந்தேகமே வேண்டாம், நண்பர்களோடு சேர்ந்து பயந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பெட்டியிலேயே தனியாக ஆடவும் முழுக் கூட்டாக ஆடவும் வேறு குறிக்கோள் அட்டைகள் உண்டு. அதை விட்டுவிட்டு வழக்கமான நிறுவன, சொந்தக் குறிக்கோள் அட்டைகளையே பங்கிட்டு "நாம எல்லாரும் ஒண்ணா ஆடலாம்" என்று தொடங்கினால், யாரோ ஒருவரிடம் அடுத்தவர் பிழைக்கக் கூடாது என்று சொல்லும் அட்டை போய்ச் சேரும். அவர் நண்பருக்காகத் தோற்பதா, அட்டைக்காக ஜெயிப்பதா என்று தவித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். எந்தக் கட்டைக் கலைக்கப் போகிறோம் என்பதை, பலகையை விரிப்பதற்கு முன்பே எல்லோருமாகப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.