ஆறு மாதக் குழந்தைக்கு முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சி

குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பால் மட்டும் போதாது. வயிற்றில் இருந்தபோது சேர்த்துவைத்த இரும்புச்சத்து இந்தச் சமயத்தில்தான் தீரத் தொடங்கும். நம் வீடுகளில் முதல் உணவு பெரும்பாலும் கேழ்வரகுக் கஞ்சிதான். என் மகளுக்கும் அதைத்தான் கொடுத்தேன். செரிக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் முதல் இரண்டு வாரமும் தண்ணீராகக் கரைத்தே ஊட்டினேன். ஒரு மணி நேரத்திலேயே பசித்து அழுவாள். அவள் வயிற்றை நிறைத்தது தண்ணீர்தான் என்று புரிய நாளானது.

இந்த வயதில் வயிறு ரொம்பச் சிறியது. எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 30 மில்லிதான் கொள்ளும். சரி, மாவைக் கூட்டலாம் என்றால் கஞ்சி பசை போல இறுகி, குழந்தையால் விழுங்க முடியாது. இதற்கு வழி முளைகட்டுவதுதான். தானியம் முளைவிடும்போது அமைலேஸ் என்ற நொதி பெருகி, மாவுச்சத்தை உடைக்கும். அதனால் மாவு கொஞ்சம் கூடினாலும் கஞ்சி இளக்கமாகவே இருக்கும். இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கும் பைட்டேட்டும் குறையும். கடையில் வாங்கும் முளைகட்டாத மாவில் கிடைக்காத இந்த லாபத்துக்காக மூன்று நாள் மெனக்கெடலாம்.

முதல் நாள்

கால் கிலோ கேழ்வரகு போதும். கல்லும் மண்ணும் போக நன்றாக அரித்து, தண்ணீர் தெளியும் வரை நான்கைந்து முறை கழுவுங்கள். இரவு முழுக்க, அதாவது எட்டு முதல் பத்து மணி நேரம், நல்ல தண்ணீரில் ஊறட்டும்.

இரண்டாம் நாள்

தண்ணீரை வடித்து, சுத்தமான ஈரத் துணியில் தளர்வாக முடிந்து, ஒரு பாத்திரத்தில் வைத்து மூடுங்கள். துணி காயும்போது தண்ணீர் தெளித்தால் போதும். வெயில் காலத்தில் ஒரே நாளில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். மழை, பனிக் காலத்தில் இன்னும் அரை நாள் ஆகலாம். பிசுபிசுத்தாலோ புளித்த வாடை வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். குழந்தை விஷயத்தில் 'வறுத்தால் சரியாகிவிடும்' என்று நினைக்கக் கூடாது.

மூன்றாம் நாள்

வெள்ளைத் துணியில் பரப்பி, நிழலில் மின்விசிறிக்கு அடியில் உலர்த்துங்கள். கையில் தேய்த்தால் முளை உதிர வேண்டும். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் மாவில் பூஞ்சை பிடிக்கும். பிறகு அடிகனமான வாணலியில், சிறு தீயில், வாசம் வரும் வரை மட்டும் வறுங்கள். கருக வறுத்தால் நாம் பாடுபட்டு வரவழைத்த நொதி வீணாகிவிடும். ஆறியதும் மிக்ஸியில் நைசாக அரைத்து, உமி போக இரண்டு முறை மெல்லிய துணியில் சலித்து, ஈரமில்லாத டப்பாவில் அடையுங்கள். ஒரு மாதத்துக்குள் தீருமளவு செய்தால் போதும்.

கஞ்சி காய்ச்சுவது

மூன்று டீஸ்பூன் மாவை 100 மில்லி ஆறிய தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அதற்குப் பிறகு அடுப்பில் வையுங்கள். சிறு தீயில் மெதுவாகச் சூடேற வேண்டும். அந்த நேரத்தில்தான் நொதி வேலை செய்யும். அப்புறம் நன்றாகக் கொதிக்கவிட்டு, ஐந்து முதல் ஏழு நிமிடம் கைவிடாமல் கிளறுங்கள். கரண்டியைச் சாய்த்தால் ஓடாமல் நிற்பதுதான் சரியான பதம். இறக்கி அரை டீஸ்பூன் நெய் விடுங்கள்.

உப்பு, சர்க்கரை, கருப்பட்டி எதுவும் ஒரு வயது வரை வேண்டாம். வீட்டுப் பெரியவர்கள் வற்புறுத்தினாலும் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஊட்டுவது

குழந்தைக்குத் தலை நிற்க வேண்டும், பிடித்துக்கொண்டால் உட்கார வேண்டும். காலில் கிடத்திப் பாலாடையில் ஊற்றுவது பழைய வழக்கம். புரையேறும், வேண்டாம். மடியில் நிமிர்த்தி உட்காரவைத்துக் கரண்டியால் ஊட்டுங்கள். முதலில் இரண்டு மூன்று கரண்டி. நாக்கால் வெளியே தள்ளினால் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை, விழுங்கப் பழகுகிறது. மறுநாள் மறுபடி கொடுத்துப் பாருங்கள். தாய்ப்பாலையும் நிறுத்த வேண்டாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் எப்போது தொடங்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து அதிகம். இரும்புக்கு இது மட்டும் போதாது. மாதக்கணக்கில் இதிலேயே நின்றுவிடாமல், இரண்டு மூன்று நாளுக்கு ஒன்றாக, குழைய வேகவைத்த பாசிப்பருப்பு, மசித்த கீரை, நன்றாக வெந்த முட்டை என்று சேர்த்துக்கொண்டே போங்கள். பருப்போடு தக்காளியையும் வேகவைத்து மசித்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

குழந்தை வாய் வைத்த கஞ்சி மீந்தால் எடுத்துவைக்காதீர்கள். அடுத்த வேளைக்குப் புதிதாகக் காய்ச்சப் பத்து நிமிடம்தான் ஆகும்.