2 லட்சம் கிலோமீட்டர் ஓடிய டாப் திறக்கும் கார்: வாங்கலாமா, விடலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குடியிருப்பவர்களுக்கு இந்த ஆசை எப்படியும் ஒருநாள் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உம்லாங்காவிலிருந்து எம்4 சாலையில் கடலை ஒட்டி வந்துகொண்டிருப்பீர்கள், பக்கத்தில் ஒருவர் டாப்பைத் திறந்துவிட்டு ஒரு பழைய மெர்சிடிஸ் சிஎல்கேயில் காற்று வாங்கிக்கொண்டு போவார், வீட்டுக்கு வந்து போனில் தேடினால் அதே கார் ஒரு புது சின்ன சுசுகியை விடக் குறைந்த விலைக்குக் கிடக்கும். மனசு அங்கேதான் வழுக்கும். எனக்கும் வழுக்கியது.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். இருபது வருஷத்தில் இறங்கியது காரின் விலை மட்டும்தான். அதன் பம்ப், சிலிண்டர், சென்சர் ஒன்றும் இறங்கவில்லை. புதிதாக வந்தபோது லாணிகள், அதாவது பணக்காரர்கள், ஓட்டிய வண்டி அது, பார்ட்ஸ் கடையில் இன்றைக்கும் லாணி விலைதான் கேட்பார்கள். அதனால் 'ஒரு லட்சத்து இருபதாயிரம் ராண்ட் கையில் இருக்கிறது, அந்த விலையில் கார் பார்க்கிறேன்' என்று கிளம்பாதீர்கள். எண்பதாயிரத்துக்குக் கார், நாற்பதாயிரம் தனியே பேங்கில், அதுவும் முதல் வருஷத்துக்கு மட்டும். இது என் கணக்கு, கொஞ்சம் பயந்தவன் கணக்குதான், ஆனால் பட்டுத் தெரிந்துகொண்டது. அந்த நாற்பதாயிரத்தை எடுத்துவைக்க முடியாது என்றால் கீழே உள்ளதைப் படிக்கவே வேண்டாம், சுசுகியை வாங்கிவிடுங்கள்.

கிலோமீட்டரைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். ஜோபர்க்குக்கும் (ஜோஹன்னஸ்பர்க்) டர்பனுக்கும் நடுவே என்3 நெடுஞ்சாலையில் போய் வந்து, வருஷா வருஷம் ஆயில் மாற்றி, பில்லையெல்லாம் ஒரு ஃபைலில் போட்டு வைத்திருக்கும் 2,20,000 கிலோமீட்டர் காரை நான் நம்புவேன். 80,000 மட்டும் ஓடி, ஷெட்டில் துணி போட்டு மூடி, மூன்று வருஷம் ஸ்டார்ட் பண்ணாமல் கிடந்ததை நம்ப மாட்டேன். ரப்பர் சீல் எல்லாம் சும்மா கிடந்தாலே காய்ந்து போகும், டாப் திறக்கிற காரில் ரப்பர்தான் பாதி உயிர். ஆனால் மீட்டர் காட்டுவது உண்மையா என்று பார்க்க வேண்டும். டிரைவர் சீட்டின் வெளி ஓரம், ஸ்டியரிங்கின் தோல், பிரேக் பெடலின் ரப்பர் இந்த மூன்றும் பொய் சொல்லாது. மீட்டர் 90,000 என்று காட்டி பெடல் வழுவழுவென்று இருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பிஎம்டபிள்யூ இ93 (3 சீரிஸில் டாப் திறக்கிற ஒரு மாடல்) மாதிரி வண்டிகளில் சாவிக்குள்ளேயே ஓடிய தூரம் பதிவாகியிருக்கும், டீலரிடம் சாவியைக் கொடுத்தால் படித்துச் சொல்வார்கள்.

இனி தண்ணீர். நான் முதலில் வாங்கியது ஒரு ஜெர்மன் வண்டி, பெயர் வேண்டாம். வாங்கிய மூன்றாம் வாரம் ஜேக்கப்ஸில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் காட்டினேன். அவருடைய தாத்தா காலத்திலேயே இங்கே வந்த குடும்பம், வீட்டில் இங்கிலீஷ்தான், தமிழ்ச் சொல் ஒரு பிடி தெரியும். பானெட்டைத் திறக்கவே இல்லை அவர். பின்சீட்டின் கால் வைக்கும் இடத்தில் முட்டியை மடக்கி கார்ப்பெட்டை ஓர் அழுத்து அழுத்தினார், விரல் இடுக்கில் ஈரம் கசிந்து வந்தது. என்னைத் திரும்பிப் பார்த்து, "தண்ணி, தம்பி" என்றார். அவ்வளவுதான். டாப் மடிந்து போய் உட்காரும் இடத்தில் மழைத் தண்ணீர் இறங்கிப் போக டிரெயின் குழாய் இருக்கும், அதில் இலை அடைத்துக்கொண்டால் தண்ணீர் வேறு வழி தேடும், அந்த வழி சீட்டுக்கு அடியில் இருக்கும் எலக்ட்ரானிக் பெட்டிகளைத் தாண்டித்தான் போகும். பல மாடல்களில் டிக்கியின் அடியிலும் பேட்டரி, டாப் பம்ப், கண்ட்ரோல் யூனிட் எல்லாம் இருக்கும், அங்கேயும் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். எனக்கு அந்த ஒரு ஈரத்துக்குப் பதினான்கு மாதத்தில் போன பணத்தில் பாதிக் கார் வாங்கியிருக்கலாம்.

எனவே பார்க்கப் போகும்போது ஒரு தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள். டாப்பைப் பாதி திறந்து, டிரெயின் இருக்கும் பள்ளத்தில் மெதுவாக ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் சக்கரத்துப் பக்கம் தரையில் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் தண்ணீர் உள்ளே தங்குகிறது. விற்பவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

டர்பன்காரர்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நானூறு பேருக்கு மேல் இறந்து போனார்கள், வீடும் ரோடும் போயின, எத்தனையோ கார்கள் மூழ்கின. மூழ்கிய கார் கழுவித் துடைத்து வேறு ஊரில் விற்பனைக்கு வருவது உலகம் பூராவும் நடப்பது. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும், அது நிற்கும் வரைக்கும் இழுங்கள். சுருளின் உள்பக்கம் கிடந்த அந்த அரை மீட்டரில் மண்கோடு தெரிந்தால் கதை முடிந்தது. சென்ட் அடித்து வாசனையை மறைக்கலாம், பெல்ட்டின் அடிப்பகுதியைக் கழுவ யாருக்கும் தோன்றாது.

சரி, டாப்புக்கு வருவோம். துணி டாப்பா, இரும்பு டாப்பா என்பது முதல் கேள்வி. பிஎம்டபிள்யூ இ46 (இ93க்கு முந்தைய 3 சீரிஸ்), சிஎல்கே, பழைய ஆடி ஏ4 எல்லாம் துணி. இ93, மெர்சிடிஸ் எஸ்எல்கே, 2001இல் வந்த மெர்சிடிஸ் எஸ்எல் மாடல் எல்லாம் இரும்பு. துணி டாப்பைக் கத்தியால் ஒரு கீறு கீறினால் போயிற்று, மால் பார்க்கிங்கில் விட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிட முடியாது. கடல் பக்கம் பூஞ்சை பிடிக்கும், ஜோபர்க் பக்கத்து மேட்டுநிலமான ஹைவெல்டில் வெயில் தின்றுவிடும், பின் கண்ணாடி ஒட்டிய இடம் விட்டுப்போகும். இரும்பு டாப்பில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் உள்ளே ஹைட்ராலிக் சிலிண்டர்களும் சுவிட்சுகளும் கூடுதல், நடுவழியில் பாதி மடிந்து நின்றுவிட்டால் வண்டியை நகர்த்தவும் முடியாது, பூட்டவும் முடியாது. என்னைக் கேட்டால் துணிதான். கிழிந்தால் புதிது தைத்துப் போட ஆள் இருக்கிறது.

எதுவானாலும் என்ஜினை ஓடவிட்டு மூன்று தடவை திறந்து மூடிப் பாருங்கள், ஒரு தடவை போதாது. எண்ணெய் குறைந்த பம்ப் முதல் தடவை சமாளித்துவிட்டு மூன்றாவதில்தான் முனகும். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றாக ஏறுகிறதா என்று வெளியே நின்று பாருங்கள். பிறகு உள்ளே உட்கார்ந்து, முன்கண்ணாடிக்கு மேலே, சன் வைசர் மடியும் இடத்தில் விரலால் தடவுங்கள், பிசுக்கென்று எண்ணெய் ஒட்டினால் டாப்பைப் பூட்டும் சிலிண்டர் கசிகிறது. கசிந்ததைக் கழற்றிப் புது சீல் போட்டு ஓட்டலாம், புதிது வாங்குவதை விட எவ்வளவோ மலிவு, விலை பேசும்போது மட்டும் இதைத் தெரியாதவர் போல இருக்காதீர்கள்.

மாடலுக்கு ஒரு வியாதி உண்டு, அதைப் படித்துவிட்டுப் போங்கள். இ46இல் கூலன்ட் டேங்க், ரேடியேட்டர், வாட்டர் பம்ப் எல்லாம் வயசானால் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும், பின் சப்ஃபிரேம் (பின்சக்கர அமைப்பைத் தாங்கும் சட்டம்) பிடித்திருக்கும் தரைத்தகட்டில் விரிசல் வரும். இ93இன் 335ஐ மாடலில் ஹை பிரஷர் ஃபியூவல் பம்ப்பும் டர்போவும். முதல் வருஷங்களில் வந்த எஸ்எல்லில் எஸ்பிசி என்ற எலக்ட்ரானிக் பிரேக், எத்தனை தரம் மிதித்தீர்கள் என்று உள்ளே எண்ணிக்கொண்டே வந்து கணக்கு தீர்ந்ததும் ஒர்க்‌ஷாப்புக்குப் போகச் சொல்லும். அதே எஸ்எல்லில் ஏபிசி ஹைட்ராலிக் சஸ்பென்ஷனும் இருந்தால், அந்த வேலை தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் மட்டும் தொடுங்கள். அதன் 5 லிட்டர் வி8 என்ஜின் யானை மாதிரி உழைக்கும், சுற்றி இருக்கிறதுதான் படுத்தும்.

ஓட்டிப் பார்க்கும் முன் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார், 'நாளைக் காலையில் வருகிறேன்' என்று சொல்லிவிடுங்கள். ஜோபர்க்கில் பார்ப்பவர்களுக்கு: அங்கே 1,700 மீட்டருக்கு மேல் உயரம், டர்போ இல்லாத என்ஜின் ஆறில் ஒரு பங்கு பலத்தை இழக்கும், அதனால் கொஞ்சம் சோம்பலாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். டர்பனில் சோம்பினால் அதற்குச் சாக்கு இல்லை. குழி நிறைந்த ரோட்டில் டாப்பைத் திறந்து ஒரு தடவை, மூடி ஒரு தடவை ஓட்டுங்கள். டாப் இல்லாத வண்டி கொஞ்சம் ஆடத்தான் செய்யும், ஆனால் கடகடவென்று சத்தம் வந்தால் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கும். அப்புறம் நாலு டயரையும் பாருங்கள். நாலும் நாலு கம்பெனியாக இருந்தால் விற்பவரிடம் பணம் தீர்ந்து ரொம்ப நாளாயிற்று, கண்ணுக்குத் தெரியாத வேலையையும் தள்ளிப் போட்டிருப்பார்.

பேப்பர். ஆர்சி1 என்ற வண்டிப் பதிவுச் சான்றிதழை வாங்கிப் பாருங்கள். கோட் 2 என்றால் சாதாரண பழைய கார். கோட் 3 என்றால் உடைந்து திரும்பக் கட்டியது, டாப் திறக்கிற காரில் அந்தப் பேச்சே வேண்டாம். டைட்டில் ஹோல்டர் இடத்தில் பேங்க் பெயர் இருந்தால் கடன் இன்னும் அடையவில்லை. ரோட்வர்த்தி சர்டிஃபிகேட் காட்டி "எல்லாம் பாஸ்" என்பார்கள், அந்தப் பரிசோதனை பிரேக், லைட், டயர் மாதிரி விஷயங்களுக்கு, டாப் பம்ப் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கில்லை. டெக்ரா, ஏஏ மாதிரி கார் பரிசோதனை செய்யும் இடங்களில் தனியாகக் காசு கட்டி முழு செக்கப் செய்யலாம், விற்பவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் காரணம் கேட்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

தனிநபரிடம் வாங்கினால் 'ஃபூட்ஸ்டூட்ஸ்' என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள், உள்ளது உள்ளபடி என்று அர்த்தம். தெரிந்தே மறைத்தார் என்று நிரூபித்தால் ஒழிய அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. டீலரிடம் வாங்கினால் 2011இல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதம் துணை நிற்கும், பழுதென்றால் சரிசெய்யவோ பணத்தைத் திருப்பவோ கேட்கலாம், ஆனால் அவர் முன்கூட்டியே சொல்லி நீங்கள் ஒத்துக்கொண்ட குறைக்கு அது பொருந்தாது. டீலர் பத்தாயிரம் கூடச் சொன்னாலும் இந்த மாதிரிக் காருக்கு நான் கொடுத்துவிடுவேன்.

வாங்கியாயிற்றா? 21 நாளுக்குள் பெயர் மாற்றுங்கள். அதற்கும் முன்னால், அக்டோபர் மழை தொடங்கும் முன், ஒரு நைலான் கயிற்றை எடுத்து டிரெயின் குழாய் நாலிலும் மெதுவாக விட்டு எடுங்கள். கம்பி வேண்டாம், குழாய் கிழிந்துவிடும். நான் இப்போது வைத்திருக்கும் இரண்டாவது வண்டியில் முதல் நாளே அப்படி விட்டபோது வேப்பிலை மாதிரி காய்ந்த ஒரு கட்டு வந்தது, கூடவே ஒரு சின்னப் பிள்ளையின் பொம்மைச் செருப்பு. வண்டி இப்போது 2,31,000 ஓடியிருக்கிறது, கார்ப்பெட் காய்ந்தேதான் கிடக்கிறது.